டீச்சரிடம் கேளுங்கள்: 29 வயதில் நீட், எங்கே போய்ப் படிப்பது?

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று, வேறு வேலையில் இருந்துகொண்டு டாக்டர் படிப்புக்குத் திரும்ப நினைப்பவர்களைப் பற்றியவை. அதனால் மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

டீச்சருக்கு வணக்கம். எனக்கு 29 வயது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில்தான் படித்தேன். 2014-இல் பிளஸ் டூவில் 1,126 எடுத்தும் மெடிக்கல் கட்-ஆஃப் 194.5-இல் நின்றுவிட்டதால் இன்ஜினியரிங் போனேன். இப்போது இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் வேலை. போன வருடம் அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்து 23 நாள் கூடவே இருந்தேன். அங்கே நைட் டியூட்டி டாக்டர்களைப் பார்த்ததிலிருந்து பழைய ஆசை என்னை விடமாட்டேன் என்கிறது. மனைவிக்குச் சம்மதம். அம்மாதான் 'இந்த வயசுல எதுக்குப்பா' என்கிறார். வேலையை விட்டுவிட்டு முழுநாள் ரிப்பீட்டர் பேட்சில் சேருவதா, சனி ஞாயிறு வகுப்பா, ஆன்லைனா? மதுரையில் எது நல்ல சென்டர் என்று நீங்கள் ஒரு பெயர் சொன்னால் நாளைக்கே போய்ச் சேர்ந்துவிடுவேன். வீட்டுக் கடன் மாதம் 14,000 போகிறது.
பெயர் வேண்டாம், திருமங்கலம்

தம்பி, பெயர் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரே சென்டரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருவருக்குப் பொருந்தியது இன்னொருவருக்குப் பொருந்தாமல் போனதை நிறையப் பார்த்துவிட்டேன். அதிலும் சம்பளத்துக்குப் போய்க்கொண்டு, வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு படிக்கிறவர் விஷயத்தில், காலை எழுந்ததிலிருந்து படுக்கிறவரை உங்கள் நாள் எப்படிப் போகிறது என்பதைப் பார்க்காமல் இடம் சொன்னால் அது உங்கள் பணத்தோடு நான் விளையாடுகிற மாதிரி.

முதலில் அம்மாவின் கேள்வி. சட்டப்படி வயது தடை இல்லை. 2018-இல் பொதுப்பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று உச்சவரம்பு போட்டார்கள், கோர்ட் கேஸ் எல்லாம் நடந்தது, 2022-இல் அந்த வரம்பை எடுத்தேவிட்டார்கள். எத்தனை தடவை எழுதலாம் என்பதற்கும் வரம்பு கிடையாது. ஆனால் அம்மா கேட்பது சட்டத்தை இல்லையே. முப்பது வயதில் சேர்ந்தாலும் நான்கரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி டாக்டர், முப்பத்தாறை நெருங்கிவிடுவீர்கள்; மேற்படிப்பு என்றால் இன்னும் மூன்று ஆண்டு. இதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறீர்கள் என்று தெரிந்தால் அவர் மனசும் கொஞ்சம் இறங்கி வரும்.

சரி, எங்கே படிப்பது என்பதற்கு வருவோம். எந்த சென்டரின் படியையும் ஏறுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 2025 நீட் வினாத்தாளை அச்செடுத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு ஓ.எம்.ஆர். தாள், ஒரு கறுப்பு பால்பாயின்ட் பேனா. மதியம் சாப்பிட்டுவிட்டு சரியாக 2 மணிக்கு உட்கார்ந்து 5 மணிக்கு எழுந்திருங்கள். உண்மைத் தேர்வும் அதே நேரம்தான், அதுவும் மே மாதத்து மதுரை வெயிலில். 180 கேள்வி, 180 நிமிடம். பயாலஜி 90, பிசிக்ஸ் 45, கெமிஸ்ட்ரி 45. சரி என்றால் நான்கு மதிப்பெண், தப்பு என்றால் ஒன்று போய்விடும், மொத்தம் 720. போனைப் பக்கத்து அறையில் வைத்துவிடுங்கள், காபிக்கு எழுந்திருக்காதீர்கள்.

எத்தனை மார்க் வந்தது என்று யாரிடமும் சொல்லத் தேவையில்லை. நிச்சயம் குறைவாகத்தான் வரும். எந்தக் கேள்வியில் நின்றுபோனீர்கள், ஏன் நின்றுபோனீர்கள் என்பது மட்டும்தான் நமக்கு வேண்டும். உங்கள் காலத்து பிளஸ் டூ எனக்கு நன்றாகத் தெரியும், அந்த ஆண்டு விலங்கியல் பேப்பர் திருத்தியவள் நான். ப்ளூ பிரிண்ட் கையில் வைத்துக்கொண்டு, புக் பேக் ஒரு மார்க்கை மனப்பாடம் செய்து, ஐந்து மார்க், பத்து மார்க் கேள்விகளைப் பக்கம் பக்கமாக எழுதிய காலம் அது. 194.5 என்பது சாதாரணக் கட்-ஆஃப் இல்லை, நீங்கள் கெட்டிக்காரப் பையன்தான். ஆனால் நீட் கேட்பது வேறு. என்.சி.இ.ஆர்.டி. என்கிற மத்தியப் பாடத்திட்டப் புத்தகத்தில் ஒரு படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வரியிலிருந்து கூட கேள்வி வரும், நான்கு விடையும் சரி மாதிரியே இருக்கும். நீங்கள் படித்த புத்தகமும் இப்போது இல்லை. 2018-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் 2019-இல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் நம் மாநிலத்தில் புதுப் புத்தகம் வந்துவிட்டது. போதாததற்கு 2024 தேர்விலிருந்து நீட் பாடத்திட்டத்திலேயே சில பகுதிகளை நீக்கியிருக்கிறார்கள். அதனால் யாராவது பழைய மெட்டீரியல் மூட்டையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கி அடுக்காதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் உங்களுக்கே ஒன்று புலப்படும். இன்ஜினியரிங் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் பிசிக்ஸ் ஒரு மாதத்தில் திரும்ப வந்துவிடுகிறது, பயாலஜியில்தான் பெயர்கள் எல்லாம் கரைந்து போயிருக்கும். சிலருக்கு நேர்மாறாக இருக்கும். இது தெரியாமல் போய் மூன்று பாடத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

இப்போது நீங்கள் சொன்ன மூன்று வழியும் யாருக்காக ஏற்பட்டது என்று பாருங்கள். ரிப்பீட்டர் பேட்ச் என்பது மார்ச்சில் பிளஸ் டூ எழுதிவிட்டு மே மாதம் நீட்டில் குறைந்துபோன பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கானது. பாடம் இன்னும் சூடாக நினைவில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் வேகமாக ஓட்டுவார்கள். சனி ஞாயிறு பேட்ச் பெரும்பாலும் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளுக்கு, பள்ளியில் நடக்கிற பாடத்தோடு சேர்ந்தே நகர்வது, இரண்டு வருடம் இழுக்கும். ஆன்லைனில் வகுப்புக்குக் குறைவே இல்லை, ஆனால் நீங்கள் இன்றைக்குப் பார்க்கவில்லை என்றால் ஏன் பார்க்கவில்லை என்று கேட்க ஆள் கிடையாது. ஆக, மூன்றில் எதுவுமே 29 வயதுக்காரரை மனதில் வைத்துத் தைத்த சட்டை இல்லை, நாம்தான் பிரித்துத் தைத்துக்கொள்ள வேண்டும்.

என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். கோரிப்பாளையத்தில் ஒரு லேபில் டெக்னீஷியனாக இருந்தாள், அப்போது அவளுக்கு 31 வயது. மாலை ஆறிலிருந்து இரவு பன்னிரண்டு வரை டியூட்டி. 'பகல் முழுக்கச் சும்மாதானே டீச்சர் இருக்கேன்' என்று ஒரு முழுநாள் பேட்சில் முதல் நாளே மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டாள். நகையை அடகு வைத்த பணம். காலை எட்டு மணிக்கு வகுப்பு. பதினொரு மணிக்கெல்லாம் கண் சொருகிவிடும். வாராவாரம் டெஸ்ட் வைத்தார்கள், மார்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் வரிசை எண்ணோடு போட்டார்கள், இவள் பெயர் கடைசிப் பத்துக்குள் இருந்தது, ஏன் இப்படி என்று ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாள். பணம் திரும்ப வரவில்லை. அன்றைக்கு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் அவள் செய்ததுதான் உங்களுக்கு நான் சொல்ல வந்தது. டெஸ்ட் சீரிஸ், அதாவது வகுப்பில்லாமல் மாதிரித் தேர்வுகள் மட்டும், தனியாகச் சேர்ந்தாள். கெமிஸ்ட்ரிக்கு மட்டும் ஒரு சாரிடம் வாரம் மூன்று நாள் போனாள். கடையில் வரவு செலவு எழுதும் நீள நோட்டு ஒன்று வாங்கி நான்கு கட்டம் போட்டாள்: கேள்வி எண், நான் போட்ட விடை, சரியான விடை, ஏன் தப்பு. அந்த நான்காவது கட்டத்தில் 'தெரியாது' என்று சிவப்பிலும், 'தெரியும், அவசரம்' என்று நீலத்திலும், ''தவறானது எது' என்று கேட்டதைக் கவனிக்கவில்லை' என்று பென்சிலிலும் எழுதியிருப்பாள். ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் சிவப்பைவிட நீலமும் பென்சிலும்தான் அதிகம். படிக்காமல் தப்பு விடவில்லை, கேள்வியை முழுதாக வாசிக்காமல் விட்டிருக்கிறாள்! எந்த வகுப்பிலும் யாரும் அதை அவளுக்குச் சொல்லவில்லை, நோட்டுதான் சொன்னது. முதல் முயற்சியில் தகுதி மட்டும் பெற்றாள், இடம் வரவில்லை. இரண்டாவதில் பக்கத்து மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். இப்போது மூன்றாம் ஆண்டு.

எல்லாருக்கும் அப்படி முடிந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பேங்க் வேலையை விட்டுவிட்டு மூன்று தடவை எழுதிய பையன் ஒருவனையும் எனக்குத் தெரியும், கடைசியில் இடம் கிடைக்காமல் வேறு வேலை தேடிக்கொண்டான். அவன் படிப்பில் குறை சொல்ல மாட்டேன். எத்தனை தடவை, எவ்வளவு பணம் என்று முதலிலேயே ஒரு எல்லை வைத்துக்கொள்ளாததுதான் அவனை ரொம்ப அலைக்கழித்தது. நீங்களும் உங்கள் மனைவியும் இப்போதே உட்கார்ந்து அதைப் பேசி ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

உங்கள் நாளைப் பார்க்கிறேன். திருமங்கலத்திலிருந்து இலந்தைக்குளம் என்றால் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. வேலை முடிந்து மாலை வகுப்புக்கும் போய்விட்டு பஸ் பிடித்தால் வீடு சேரப் பத்தரை ஆகும். அதற்குமேல் எங்கே படிப்பது? அதனால் தினசரி மாலை வகுப்பு உங்களுக்கு வேண்டாம். இலந்தைக்குளத்திலிருந்து நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகம் ரொம்பத் தூரமில்லை. 2023-இல் திறந்ததிலிருந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிற கூட்டம் அங்கே எப்போதும் இருக்கிறது, அந்தக் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்தாலே நமக்கும் படிப்பு வரும். வேலை நாளில் ஒன்றரை மணி நேரம் அங்கே, பயாலஜி மட்டும், என்.சி.இ.ஆர்.டி. மட்டும். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரியில் எது உங்களை மாட்டிவிடுகிறதோ அதற்கு மட்டும் தனியாக ஒரு ஆசிரியர், சனிக்கிழமை. ஞாயிறு மதியம் 2 முதல் 5 டெஸ்ட், மாலை நோட்டு. வேலையை இப்போது விடாதீர்கள். முழுப் பாடத்தையும் ஒரு சுற்று முடித்து, டெஸ்ட்டில் மார்க் வாராவாரம் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்த பிறகு, தேர்வுக்கு முந்தைய மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று கம்பெனியில் கேளுங்கள். அந்த மூன்று மாதத்துக்கான கடன் தவணையை இப்போதிலிருந்தே ஒதுக்கி வைத்தால் தேர்வு நேரத்தில் நெஞ்சு படபடக்காது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு சென்டரில் சேரத்தான் வேண்டும் என்று தோன்றினால் டெமோ வகுப்புக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள். பாடம் நடத்துகிற அழகை எல்லாரும்தான் காட்டுவார்கள். டெஸ்ட் முடிந்த மறுநாள் என்ன நடக்கிறது என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் விசாரியுங்கள். பேப்பர் திரும்ப வருகிறதா, தப்பை வைத்து யாராவது பேசுகிறார்களா, சந்தேகம் கேட்கிற நேரம் எது. அது மாலை நான்கு மணி என்றால் நீங்கள் அப்போது ஆபீசில் இருப்பீர்கள், அவ்வளவுதான், அந்த இடம் உங்களுக்கில்லை. வாசலில் இருக்கும் டாப்பர் போட்டோவைப் பார்த்து, இந்தப் பிள்ளை இங்கே எந்த கோர்ஸ் படித்தது, முழு வருடமா, கடைசி மாதத்து டெஸ்ட் மட்டுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். விளம்பரத்தில் அதைச் சொல்லியாக வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. ஒரே தவணையில் பணம் கட்டாதீர்கள். மொத்தமாகக் கட்டிவிட்டு நடுவில் நின்றால் மீதி நாட்களுக்கான தொகையைப் பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024 ஜனவரி வழிகாட்டுதல் சொல்கிறது, ஆனாலும் ரசீதின் பின்பக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்று படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். தகராறு என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. என் மாணவிக்கு அப்போது இதெல்லாம் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒரு நல்ல விஷயமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது, நீங்கள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உங்களுக்காகத்தான். உதவி பெறும் பள்ளிக்கு அது கிடையாது, அரசுப் பள்ளிக்கு மட்டும். அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் படித்ததற்கான சான்று வாங்க வேண்டியிருக்கும், பதினைந்து வருடத்துக்கு முந்தைய பதிவேட்டைத் தேட அவர்களுக்கும் நாள் வேண்டும், இந்த மாதமே போய்விடுங்கள். மதுரையைச் சுற்றி இப்போது தேனி, சிவகங்கை, திண்டுக்கல், விருதுநகர், ராமநாதபுரம் என்று எல்லாப் பக்கமும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதில் கடைசி மூன்றும் 2022-இல் திறந்தவை. 2014-இல் உங்களுக்கு இந்த வாய்ப்புகளில் பல இல்லை.

அந்த 7.5 சதவீதத்தில் வராவிட்டால் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேல் ஆகும், வீட்டுக் கடனோடு அதை யோசிக்காதீர்கள். 'நீட் இல்லாமலே வெளிநாட்டில் டாக்டர்' என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே தொழில் செய்யவும் நீட்டில் தகுதி வேண்டும், படிப்பு 54 மாதத்துக்குக் குறையக் கூடாது, திரும்பி வந்து இங்கே ஒரு தேர்வும் எழுத வேண்டும்.

இன்னொன்று. சென்ற ஆண்டு இத்தனை மார்க்குக்கு இடம் கிடைத்தது என்று யார் சொன்னாலும் அதை இலக்காக வைக்காதீர்கள். 2024-இல் முழு 720 எடுத்தவர்களே பலர் இருந்தார்கள், 2025-இல் நாட்டிலேயே முதலிடம் 686. தர வரிசையைப் பாருங்கள், மார்க்கைப் பார்த்து மனசு உடைய வேண்டாம்.

அம்மா, என் மகள் மதுரையில் பி.இ. முடித்து, டெக்சஸில் எம்.எஸ். படித்து, இப்போது டல்லாஸில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறாள். வயது 33, கிரீன் கார்டு வந்துவிட்டது. டாக்டராக வேண்டும் என்கிறாள். அதற்கு முன்னால் சில வகுப்புகள் படிக்க வேண்டுமாம். வீட்டுப் பக்கத்தில் கம்யூனிட்டி காலேஜ் இருக்கிறது, செலவு குறைவு. வேறு மாநிலத்தில் ஒரு கல்லூரியில் ஓராண்டுப் படிப்பாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள், செலவு மிக அதிகம். ஊமச்சிகுளத்தில் இருக்கும் பிளாட்டை விற்றுத் தரட்டுமா என்று யோசிக்கிறேன். எது சரி?
ஒரு அப்பா, அண்ணாநகர்

ஐயா, பிளாட்டை இப்போது விற்காதீர்கள். என் அக்கா மகன் அங்கே இதே பாதையில் போனவன், அவனிடம் பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அங்கே மருத்துவப் படிப்பு ஒரு பட்டம் முடித்த பிறகுதான். பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் என்று ஒவ்வொன்றும் சுமார் ஓராண்டு, லேபோடு, அப்புறம் பயோகெமிஸ்ட்ரி, இதையெல்லாம் கல்லூரியில் மதிப்பெண்ணோடு முடித்துக் காட்ட வேண்டும். பிறகு எம்கேட் என்கிற மருத்துவ நுழைவுத் தேர்வு, அதில் 472 முதல் 528 வரை மதிப்பெண். வேறு துறையில் இருந்து வருகிறவர்களுக்காகவே பட்டத்துக்குப் பிந்தைய படிப்பு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகம் 1955-இலேயே அதை ஆரம்பித்துவிட்டது. பிரின் மார், கவுச்சர் மாதிரி கல்லூரிகளில் எல்லாவற்றையும் ஓராண்டில் நெருக்கி முடித்துவிடுவார்கள். நல்ல படிப்புதான், வழிகாட்ட ஆள் இருக்கும், சில மருத்துவக் கல்லூரிகளோடு ஒப்பந்தமும் இருக்கும். ஆனால் வேலையை விட்டே ஆக வேண்டும்.

உங்கள் மகள் விஷயத்தில் அதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவளுடைய முதல் பட்டம் இந்தியாவில் வாங்கியது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்த இளங்கலைப் பாடங்கள் கணிசமாக இருக்க வேண்டும் என்று கேட்கின்றன, பல இடங்களில் அது 90 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு). எம்.எஸ். மதிப்பெண்ணை இளங்கலைக் கணக்கில் சேர்க்காமல் தனியாகத்தான் வைப்பார்கள். ஓராண்டுப் படிப்பில் நாற்பது கிரெடிட் வந்தாலே அதிகம். அப்படியானால் அத்தனை பணம் கட்டி முடித்த பிறகும் விண்ணப்பிக்கத் தகுதி இல்லை என்று நிற்க நேரலாம். ஆகவே அவள் சேர ஆசைப்படும் பத்து மருத்துவக் கல்லூரிகளை முதலில் எழுதி, ஒவ்வொன்றின் நிபந்தனையையும் பார்த்துவிட்டு, அங்கேயிருந்து பின்னோக்கி வந்து வகுப்பைத் தேர்ந்தெடுக்கட்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் இந்த நிபந்தனைகளை எல்லாம் ஒரே இடத்தில் தொகுத்து வைத்திருக்கிறது. இரண்டாவதாக ஒரு இளங்கலைப் பட்டமே படிப்பதுதான் வழி என்று தெரிந்தாலும் தெரியலாம், அது இப்போதே தெரிந்துவிடுவது நல்லது.

டெக்சஸில் இருப்பதை விட்டுவிட வேண்டாம். அங்கே அரசு மருத்துவக் கல்லூரிகளில் தொண்ணூறு சதவீத இடம் டெக்சஸ்வாசிகளுக்கே, கட்டணமும் குறைவு. வேறு மாநிலத்துக்கு ஓராண்டு குடிபெயர்ந்து இந்த உரிமையில் சிக்கல் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கம்யூனிட்டி காலேஜ் மதிப்பெண்ணைச் சில மருத்துவக் கல்லூரிகள் அப்படியே ஏற்கும், சில நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் படித்ததைத்தான் விரும்பும். என் அக்கா மகன் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. முதல் ஒரு பாடத்தை, கெமிஸ்ட்ரியை, மலிவான இடத்தில் மாலை வகுப்பாக எடுத்தான். வேலையும் லேபும் சேர்ந்து தாங்குகிறதா, பதினைந்து வருடம் கழித்து மறுபடி மாணவனாக உட்கார முடிகிறதா என்று பார்த்துக்கொண்டான். தாங்குகிறது என்று தெரிந்ததும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பயோகெமிஸ்ட்ரி போன்ற கனமான பாடங்களைப் பல்கலைக்கழகத்தில் எடுத்தான். ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் விடுவார்கள் என்பதால் அவசரப்படவும் முடியாது, வேலையோடு என்றால் இரண்டு மூன்று வருடம் ஆகும். ஒரு பாடத்தில் மதிப்பெண் சரிந்தால் திரும்ப எடுக்கலாம், ஆனால் பழைய மதிப்பெண்ணும் கணக்கில் இருக்கும். அதனால் ஒரே பருவத்தில் மூன்று நான்கு பாடத்தை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் தன்னார்வலராகவும் போகட்டும், அங்கே அதையும் கேட்கிறார்கள்.

அந்த முதல் பாடம் முடிந்த பிறகு பிளாட்டைப் பற்றிப் பேசலாம். பட்டாவை மட்டும் மகள் பெயருக்கு மாற்றுகிறேன் என்று இடையில் எதுவும் செய்யாதீர்கள், அங்கே வரிக் கணக்கில் காட்ட வேண்டிய விஷயம் ஆகிவிடலாம்.

டீச்சர், எனக்கு 26 வயது. பி.காம். முடித்து ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், பயாலஜி இல்லை. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இருந்தது. நான் நீட் எழுதவே முடியாது என்கிறார்களே, உண்மையா?
மேலூர் வாசகி

உண்மை இல்லை அம்மா. முன்பு அப்படித்தான் இருந்தது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. பிளஸ் டூ முடித்த பிறகு பயாலஜியைக் கூடுதல் பாடமாக அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் எழுதித் தேர்ச்சி பெற்றாலும் நீட் எழுதலாம் என்று அதில் சொல்லிவிட்டார்கள்.

தேசிய திறந்தநிலைப் பள்ளியில் ஒரே ஒரு பாடத்துக்கும் சேர்க்கை உண்டு. ஏப்ரல், மே ஒரு தேர்வு, அக்டோபர், நவம்பர் ஒரு தேர்வு. நீங்கள் அக்டோபர் தேர்வை எழுதினால் அடுத்த மே மாதத்து நீட்டுக்கு நிம்மதியாகத் தயாராகலாம், இரண்டும் ஒரே நேரத்தில் வந்து மோதாது. பயாலஜியை இதுவரை தொட்டதே இல்லை என்பதால் உங்களுக்கு மட்டும் நான் நேரடி வகுப்பைச் சொல்வேன், ஆன்லைன் வேண்டாம். நீட் சென்டரும் வேண்டாம். பக்கத்துப் பள்ளியில் பயாலஜி எடுக்கிற ஆசிரியர் ஒருவரைப் பிடித்து, முதல் ஆறு மாதம் செல், திசு, இதயம் என்று படம் வரைந்தே படியுங்கள். நான் 31 வருடம் சொல்லிக்கொடுத்ததில் கையால் வரைந்த பிள்ளைக்கு மறந்துபோனதை நான் பார்க்கவில்லை.

பிராக்டிகல் தேர்வும் உண்டு. விண்ணப்பத்தில் படிப்பு மையத்தைத் தேர்வு செய்யும்போது அங்கே பயாலஜி லேப் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுத் தேர்வு செய்யுங்கள், மைக்ராஸ்கோப்பைத் தொட விடுவார்களா என்றும் கேளுங்கள். ஆணையத்தின் அந்த அறிவிப்பை அச்செடுத்து உங்கள் மதிப்பெண் பட்டியலோடு சேர்த்து ஃபைலில் வையுங்கள். கலந்தாய்வில் சான்றிதழ் சரிபார்க்கும் இடத்தில் யாராவது நெற்றியைச் சுருக்கினால் எடுத்துக் காட்டலாம்.